சித்திரையில் போட்ட அம்மை

30 ஜனவரி 2017, திங்கள்

எங்கள் பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இன்று முதல் மதிப்பீடு. பிறந்தது 2015 டிசம்பர். கழுத்து நின்றதே எட்டாம் மாதத்தில்தானாம். இப்போது சுவரோடு சாய்த்து வைத்தால் உட்காருகிறான். இரண்டு கண்ணிலும் பிறவிக் கண்புரை. நான்காம் மாதத்தில் அறுவை ஆகிவிட்டது. அதனால் சோடாபுட்டிக் கண்ணாடி, பின்தலையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டை. கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்கிறான். பிறகு பிடுங்கி எறிந்துவிட்டு முஷ்டியால் கண்ணை அழுத்திக்கொள்கிறான்.

முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். அசையவில்லை. மரப்பலகையில் உட்காரவைத்துப் பலகையைத் தட்டினேன், உடனே சிரிப்பு. காது கேட்கும் திறனை அளக்கும் பெரா பரிசோதனை அறிக்கையும் அதையேதான் சொல்கிறது: இரு காதிலும் மிகக் கடுமையான குறைபாடு.

கண் அறுவையின்போதே யாரோ ஒரு மருத்துவர் சுதாரித்துக்கொண்டு ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ரூபெல்லாவுக்கு, அதாவது ஜெர்மன் அம்மைக்கு, எதிரான ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் பாசிட்டிவ். இந்த எதிர்ப்பொருள் தாயிடமிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து வருவதில்லை, குழந்தையின் உடலே உண்டாக்கினால்தான் உண்டு. ஒரு வயது தாண்டிவிட்டால் பெரும்பாலும் மறைந்தும் விடும். அந்த மருத்துவர் மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தால் இன்று எங்கள் கையில் இருப்பது வெறும் ஊகம்தான்.

31 ஜனவரி, செவ்வாய்

அம்மாவிடம் கர்ப்பகாலத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். 2015 ஏப்ரலில் சந்திர கிரகணம் வந்ததாம், சொல்லச் சொல்லக் கேட்காமல் மருமகள் மாடியில் துணி எடுக்கப் போனாளாம். போதாக்குறைக்குச் சொந்த அத்தை மகனையே கட்டிக்கொண்டது வேறு.

உறவுத் திருமணத்தால் செவிக் குறைபாடு வரும் என்பது உண்மைதான். ஆனால் கண்புரையும் செவிக் குறைபாடும் சேர்ந்து, ஐஜிஎம்மும் பாசிட்டிவ் என்றால் காரணம் வேறு: கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ரூபெல்லா.

மாமியார் டீ குடிக்கப் போன பிறகுதான் விஷயம் வந்தது. கிரகணம் முடிந்து, சித்திரை பிறந்த சமயம். நாள் தள்ளிப்போய், ஆஸ்பத்திரியில் இன்னும் பதியவில்லை. முகத்தில் தொடங்கி மேலெல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு, லேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறி கட்டியது, விரல் மூட்டுகளில் வலி. அம்மை போட்டிருக்கிறது என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். மூன்றாம் நாள் தடிப்பு இறங்கிவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் ஊற்றி, அதோடு மறந்தாயிற்று. ஆத்தா வந்த வீட்டிலிருந்து யார் மருத்துவரிடம் போவார்கள்? எந்தச் சீட்டிலும் இது ஏறவில்லை. இவர் பரவாயில்லை, நினைவாவது இருக்கிறது. தடிப்பே தெரியாமல் ரூபெல்லா வந்துபோகிறவர்களும் நிறைய.

6 பிப்ரவரி, திங்கள்

தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கிவிட்டது. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் எல்லாருக்கும். பக்கத்துப் பள்ளிக்கு உதவிக்குப் போயிருந்தேன். பொடியாக வரும் மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் கிராமச் சுகாதாரச் செவிலியர், பத்துப் பிள்ளைகள் வரிசையில் சேரும்வரை குப்பியைத் திறக்கவே இல்லை. ஊசி போட்ட பிள்ளைகளின் இடது கட்டைவிரலில் மை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களைப் போல விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

9 பிப்ரவரி, வியாழன்

தொலைக்காட்சியில் இருபத்து நான்கு மணி நேரமும் கூவத்தூர். வாட்ஸ்ஆப்பிலோ தடுப்பூசி வதந்தி. ஊசி போட்டால் பிள்ளை பெறும் சக்தி போய்விடும் என்று ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பள்ளியில் வருகை பாதியாகக் குறைந்துவிட்டது. வாசலில் ஓர் அப்பா என்னோடு சண்டைக்கே வந்தார். தன் மகளுக்கு நோயே இல்லையே, எதற்கு ஊசி என்கிறார். நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணுக்கு ரூபெல்லா வந்தாலும் மூன்று நாளில் போய்விடும். நாங்கள் காப்பாற்றப் பார்ப்பது பத்து வருடம் கழித்து அவள் சுமக்கப்போகும் பிள்ளையை. இன்னும் இல்லாத ஒரு பிள்ளைக்காக இன்றைக்கு எப்படிக் கெஞ்சுவது?

கர்ப்பமான பிறகு போட்டுக்கொள்ளலாமே என்றார். முடியாது, இது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து, கர்ப்பிணிகளுக்குப் போடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

14 பிப்ரவரி, செவ்வாய்

எங்களிடம் வேலை பழக வந்திருக்கும் பெண் இரண்டு மாதக் கர்ப்பம். ரூபெல்லாவோடு பிறந்த குழந்தைகளின் சளியிலும் சிறுநீரிலும் ஒரு வயது வரைகூட வைரஸ் வெளியேறலாம். இவன் ஒரு வயதைத் தாண்டிவிட்டான். இருந்தாலும் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அவளை அவனருகில் விடவில்லை. முதல் பன்னிரண்டு வாரம் என்பது விளையாட்டில்லை. அந்தச் சமயத்தில் தாய்க்கு இந்தத் தொற்று வந்தால் பத்தில் ஒன்பது கருக்கள்வரை பாதிக்கப்படலாம். கண்ணின் வில்லையும் உள்காதும் இதயமும் உருவாவது அப்போதுதான். வைரஸ் செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது, ரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. இருபது வாரத்துக்குப் பின் ஆபத்து மிகவும் குறைவு.

மாலையில் முடிவு வந்தது. அவளுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கிறது. சிறுவயதில் எப்போதோ வந்துபோயிருக்க வேண்டும், அவளுக்கே தெரியாது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக். 1941இல் 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். காத்திருந்த தாய்மார்கள் தங்களுக்கு வந்த ஜெர்மன் அம்மையைப் பற்றிப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்பார்கள். மாமியார் டீ குடிக்கப் போகும் நேரங்களுக்கு நானும் இனி காத்திருக்கலாம்.

21 பிப்ரவரி, செவ்வாய்

பையன் குழல்விளக்கைப் பார்த்தபடி கண்ணுக்கு முன்னால் விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கிறான். ஆட்டிசமா என்று அப்பா கேட்டார், கூகுளில் பார்த்தாராம். கேள்வி தவறில்லை. நியூயார்க்கில் 1964 ரூபெல்லா பரவலுக்குப் பிறகு ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்த 243 குழந்தைகளில் ஆட்டிசம் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தது. 1971இல் அதை எழுதினார். ஆனால் பார்வை மங்கிய பிள்ளைகளும் இப்படித்தான் விளக்கோடு விளையாடுவார்கள். இந்த வயதில் முத்திரை குத்த எனக்கு விருப்பமில்லை.

வேலை நடக்கிறது, அடுத்து என்ன என்பதைத் தொட்டு அறியப் பழக்குகிறோம். ஊட்டுவதற்கு முன் அவன் கையில் எப்போதும் ஒரே கரண்டி. குளிப்பதற்கு முன் ஈரத்துண்டு. இன்று கரண்டி கையில் பட்டதும் வாயைத் திறந்தான். அம்மா என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பிசைவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

2 மார்ச், வியாழன்

முகாம் இந்த மாதமும் தொடர்கிறது. பையனின் அக்காவுக்கு ஊசி போட்டாயிற்று. மறுத்தது மாமியார், கூட்டிப்போய்ப் போட்டுவந்தது அம்மா.

அடுத்த பிள்ளையும் இப்படிப் பிறக்குமா என்று அம்மா கேட்டார். இத்தனை நாளாகக் கேட்க நினைத்தது இதுதான் போலும். ஒருமுறை வந்துவிட்டால் உடம்பில் எதிர்ப்பாற்றல் நின்றுவிடும், இதே காரணத்தால் அடுத்த பிள்ளைக்குக் கேடு வர அநேகமாக வாய்ப்பில்லை என்றேன். மாமியார் வந்ததும் அதையே இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னேன். கிரகணத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது.

காது மெஷின் மூன்று மாதம் போட்டுப் பார்க்க வேண்டும். பலனில்லை என்றால் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை. ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் செய்துகொள்ளலாம். காப்பீட்டு அட்டையில் பையன் பெயர் இன்னும் சேர்க்கப்படவில்லை. திங்கட்கிழமை ரேஷன் கார்டோடு கலெக்டர் அலுவலகம் போகச் சொல்லியிருக்கிறேன்.