பெரிய பம்பைவிட பற்றரி முக்கியம்

எங்கள் ஸ்காபரோ வீட்டின் பேஸ்மன்ற்றில் இரண்டு பெடியன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்க வந்த பிள்ளைகள். அவர்களின் அறைக்குப் பக்கத்து மூலையில், மூடி போட்ட குழிக்குள்தான், அதில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் இருக்கிறது. அது நின்றால் முதலில் நனைவது அவர்களின் மெத்தையும் புத்தகங்களும். அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம்.

அத்திவாரத்தைச் சுற்றி மண்ணுக்குள் துளை போட்ட குழாய் ஒன்று போகிறது. மழைத்தண்ணீரும் மார்ச், ஏப்ரலில் கரையும் பனியும் அதன் வழியாகக் குழிக்கு வந்து சேரும். தண்ணீர் ஏற மிதவையும் ஏறி சுவிச்சைப் போடும், பம்ப் வெளியே தள்ளும்.

மோட்டர் நன்றாக இருக்கும்போதே மிதவை சதி செய்யும். வயரில் தொங்கும் மிதவை குழிச்சுவரிலோ பைப்பிலோ மாட்டிக்கொண்டால் பம்புக்குத் தண்ணீர் ஏறியதே தெரியாது. எங்கள் குழி ஒடுக்கம் என்பதால் நேர் கம்பியில் ஏறி இறங்கும் மிதவை போட்டிருக்கிறோம். அப்புறம், வெளியே தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு. பம்ப் நின்ற பிறகு பைப்பில் இருந்த தண்ணீர் சளசளவென்று குழிக்குள் திரும்பி விழுந்தால் வால்வு போய்விட்டது. அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப இறைத்தே மோட்டர் தேய்ந்துவிடும்.

ஆனால் எனக்கு உண்மையான பயம் கரண்ட். 2013 ஜூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. அன்று லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. 2024 ஜூலை 16இலும் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் கொட்டி, பல இடங்களில் கரண்டும் போனது. அந்த நேரத்தில் அரைக் குதிரைவலு பம்ப் இருந்தென்ன, ஒரு குதிரைவலு இருந்தென்ன? செலவழிக்கக் காசு இருந்தால் முதலில் பற்றரியில் ஓடும் இரண்டாவது பம்பைப் போடுங்கள். கார் பற்றரி சரிவராது, நெடுநேரம் தொடர்ந்து கரண்ட் கொடுக்கும் டீப் சைக்கிள் பற்றரி வேண்டும். வாங்கிய மாதத்தை அதிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் குழிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். பிறகு பெரிய பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்னொரு வாளி. இப்போது பற்றரி பம்ப் தானாக ஓட வேண்டும். பெடியன்களையும் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் இதைச் செய்வேன்.

"அண்ணை, நடுச்சாமத்தில பம்ப் அலாரம் அடிச்சா?" என்று சின்னவன் கேட்டான்.

"நிலத்தில தண்ணி நிண்டா ஒரு பிளக்கையும் தொடாத. மேல ஓடிவந்து என்னை எழுப்பு."

குளிர்காலத்தில் வெளியே போகும் பைப்பின் வாயையும் பாருங்கள். அங்கே ஐஸ் அடைத்தால் பம்ப் ஓடியும் பயனில்லை.

ரொறன்ரோவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு சம்ப் பம்புக்கும், சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கும் மாநகரசபை மானியம் தருகிறது. வேலை தொடங்குமுன்பே அதன் நிபந்தனைகளை வாசியுங்கள், உரிமம் உள்ள ஆளைப் பிடியுங்கள். விண்ணப்பத்துக்கு ரசீது கேட்பார்கள், எறிந்துவிடாதீர்கள்.