வேலி வழக்கு மத்தியஸ்த சபைக்குப் போய் வந்த பாடு

கிளிநொச்சியில் எங்கள் வேலி வழக்கு ஒருவழியாக முடிந்துவிட்டது. முடித்து வைத்தது, இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபைதான், அதில் எனக்கு நன்றி உண்டு. ஆனால் நீதிமன்றத்திலிருந்து சபைக்கு ஒரு கடிதம் போய்ச் சேர நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் எரிச்சல் போகவில்லை. இதே வழியில் போகப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

விஷயம் வழமையானதுதான். 2009 இல் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லை வேலியில் நட்ட கதியால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில். அவருடைய அற்றோணித் தத்துவக்காரர், அதாவது அவருக்குப் பதிலாகக் காணி அலுவல் பார்க்க எழுத்தில் அதிகாரம் பெற்றவர், முட்கம்பி அடித்தபோது எங்கள் கிணறு அவர்கள் பக்கம் போய்விட்டது. உறுதிப் பத்திரமுள்ள சொந்தக் காணி, ஆகவே மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. பிறகு தவணை மேல் தவணை. கடைசியில் நீதிபதியே, இரு தரப்பும் சம்மதித்தால் மத்தியஸ்த சபைக்கு அனுப்பலாம் என்றார். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. சம்மதம் எழுத்தில் வேண்டும். சபையில் பேசுவதைப் பிறகு வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்று எங்கள் சட்டத்தரணி சொன்னதால் துணிந்து கையெழுத்து வைத்தோம்.

பிடுங்கல் அதற்குப் பிறகுதான். சபை சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடும். போனால், "கோட்டில இருந்து ஒண்டும் வரேல்லைத் தம்பி" என்றார்கள். நீதிமன்றப் பதிவகத்தில் கேட்டால், "அனுப்பியாச்சு, அங்க போய்க் கேளுங்கோ." எந்தத் திகதியில், பதிவுத் தபாலிலா என்று கேட்டதற்கு எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தவே இல்லை. இங்கும் அங்குமாக அலைந்தபின், வேறொரு மேசையில் இருந்த அம்மா இரக்கப்பட்டு எங்கள் வழக்குக் கோவையைத் திறந்தார். கடிதம் தட்டச்சாகி, கையெழுத்து வைக்கப்படாமல், அதற்குள்ளேயே கிடந்தது!

ஆகவே கட்டளை பிறந்தவுடனேயே அதன் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பித்து எடுத்து வையுங்கள். கடிதம் தபாலில் போனதும் பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இது இரண்டும் கையில் இருந்தால் யாரும் உங்களைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்.

கடிதம் போய்ச் சேர்ந்தபின் இன்னொரு சனிக்கிழமை வீணானது. பள்ளிக்கூடம் பரீட்சை நிலையமாகிவிட்டது, படலை பூட்டு. அறிவித்தல் ஒன்றுமில்லை, காவலாளி சொல்லித்தான் தெரியும். போகுமுன் சபைச் செயலாளருக்கு ஒரு கோல் எடுத்துவிடுங்கள்.

அடுத்த அமர்வுக்குத் தத்துவக்காரர் தத்துவப் பத்திரத்தோடு கம்பீரமாக வந்து அமர்ந்தார். தலைவர், ஓர் இளைப்பாறிய அதிபர், அவரைப் பேச விடவில்லை. சட்டத்தரணியோ முகவரோ அங்கே ஒருவருக்காகப் பேச முடியாது, பிணக்குக்காரரே வரவேண்டும். அன்றைக்கு எனக்கு அது இன்னொரு வீண் நாளாகத்தான் பட்டது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த உரிமையாளர் நேரில் வந்து அமர்ந்தபோதுதான் அந்த விதியின் அருமை தெரிந்தது. மத்தியஸ்தராக நாங்கள் ஒருவரையும் அவர் ஒருவரையும் தெரிவுசெய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்தார்கள். கிணறு யார் வெட்டியது என்று உரிமையாளருக்கே தெரியும். "அது உங்கட ஐயா வெட்டினது தானே" என்றார். அவ்வளவுதான், அரை மணித்தியாலத்தில் இணக்கம்.

ஆனால் எழுதியதைப் பார்த்தால்: "வேலியைப் பழைய எல்லைக்கு மாற்றச் சம்மதம்." எந்தப் பழைய எல்லை? அதைத் தேடித்தானே இவ்வளவு காலமும் வழக்கு! நில அளவையாளரின் வரைபட இலக்கம், துண்டு இலக்கம், எல்லைக் கல் எங்கே, செலவு யாருடையது, எந்தத் திகதிக்குள் என்று எல்லாம் எழுதச் சொன்னேன். "இவ்வளவு நுணுக்கம் என்னத்துக்குத் தம்பி" என்று அதிபர் முகம் சுளித்தார். அவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள் இல்லை, அதனால் குரலை உயர்த்தவில்லை. ஆனால் திருத்தி எழுதும்வரை பேனையைத் தொடவும் இல்லை.

அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை. நீதிமன்றத்தில் எங்களுக்கு முன் அழைக்கப்பட்ட வழக்கில் இணக்கப் பத்திரத்தில் அளவு இல்லையென்று திரும்பத் தவணை போட்டார்கள். எங்களுடையது அன்றைக்கே அதன்படி தீர்ப்பாக எழுதப்பட்டது.

முட்கம்பியைக் கழற்றும் கூலியை யார் தருவது என்று தத்துவக்காரர் இப்போது புதிதாக ஒன்று கிளப்பியிருக்கிறார். அதுவும் இணக்கப் பத்திரத்தில் இருக்கிறது. பிரதி ஒன்றை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.