சங்கப் பதவியை விட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்

டெக்சாஸின் கணக்காளர் வாரியத்தில் உறுப்பினராக விண்ணப்பித்து, இரண்டு வருஷம் வீணாய்ப் போன ஆற்றாமையில் எழுதுகிறேன். அங்கே சி.பி.ஏ. (உரிமம் பெற்ற பொதுக் கணக்காளர்) உரிமம் தரும் அந்த வாரியத்தில் 15 பேர். 10 பேர் சி.பி.ஏ.க்கள், மீதி 5 பேர் பொதுமக்கள் தரப்பு. ஆறு வருஷப் பதவி, நியமிப்பவர் ஆளுநர். இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்புவது ஒரு மாலை வேலைதான்.

ஆனால் ஆளுநர் பெயர் சொன்னதோடு முடிவதில்லை. மாநில செனட்டில் (சட்டமன்ற மேலவையில்) மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதிலும் நம் தொகுதி செனட்டர் வேண்டாம் என்றால் மற்றவர்களும் கைவிட்டுவிடுவது அங்கே மரபு. அதனால் அரை நாள் லீவு போட்டு, ஃபைலும் கையுமாக செனட்டர் அலுவலகம் போனேன். முன்மேசைப் பெண் என் முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்கள் எங்கள் தொகுதியே இல்லையே" என்றார். 2021 எல்லை மறுவரையறையில் எங்கள் தெரு பக்கத்துத் தொகுதிக்குப் போயிருக்கிறது. விண்ணப்பத்திலும் பழைய தொகுதி எண்ணைத்தான் போட்டிருந்தேன். தயவுசெய்து முகவரியை வைத்துத் தேடிப் பார்த்து எழுதுங்கள்.

அதைவிடப் பெரிய அடி வேறு. மாநில அளவிலான ஒரு கணக்காளர் சங்கத்துக்கு நான் பொருளாளர். சம்பளமில்லாத வேலை, பெருமையாக முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். மூன்று முறை போன் செய்தபோதும் "பரிசீலனையில் இருக்கிறது" என்றார்களே தவிர, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் ராத்திரி தொழில் சட்டத் தொகுப்பின் 901-ஆம் அத்தியாயத்தை நானே உட்கார்ந்து படித்தேன். இத்துறைச் சங்கங்களின் நிர்வாகிகள் வாரிய உறுப்பினராக முடியாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது! என் மனைவி ஆசிரியை; பொதுமக்கள் இடத்துக்கு அவளாவது விண்ணப்பிக்கட்டும் என்று பார்த்தால், கணவனோ மனைவியோ சி.பி.ஏ. என்றால் அதுவும் கிடையாது.

பொருளாளர் பதவியை ராஜினாமா செய்தேன். தொகுதி எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். ஒற்றைப்படை வருஷ ஜனவரி 31-ல் மூன்றில் ஒரு பங்கு இடங்களின் காலம் முடியும். ஆனால் அடுத்தவர் வரும்வரை பழையவரே நீடிக்கலாம். ஆகவே அந்தத் தேதி தாண்டினாலும் மனம் தளராதீர்கள்.

போன வாரம் புதுத் தொகுதி செனட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் தானாகவே கூப்பிட்டான். என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டு, சரிதானா என்று திரும்பப் படித்தும் காட்டினான்.