தவக்காலமும் என்ட போனும்

மார்ச் 5, 2025, புதன்
இண்டைக்கு திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குற நாள். விடிய லூசியா கோயில் பூசைக்குப் போய் சாம்பல் பூசிக்கொண்டு அப்பிடியே பஸ் ஏறி ஆபிஸ். இந்த முறை இறைச்சிய விடுறதோட நிக்காம ஒரு செப ஆப்பும் போட்டிருக்கன், மகள்தான் டவுன்லோட் பண்ணித் தந்தவ. தமிழ் இல்ல, ஒரு வெள்ளக்காரர் நித்திரை வாற குரல்ல நற்செய்தி வாசிச்சு, ஒரு கேள்வி கேட்டு, பிறகு மூண்டு நிமிசம் சத்தமே போடாம விட்டிட்டார். நான் டேட்டா முடிஞ்சிட்டுதாக்கும் எண்டு போனைத் தட்டிப் பாத்தன்.

மார்ச் 11
மத்தியானம் 12.15க்கு ரிமைண்டர் வச்சிருந்தன். அது டிங் எண்ட அதே நேரம் பக்கத்து மேசை முஸ்லிம் நானாட போன்ல லுஹர் தொழுகைக்குப் பாங்கு. ரெண்டு பேரும் சிரிச்சிட்டம். அவர் நோன்பு, தண்ணி கூட இல்ல. "நீங்க என்ன விட்டிருக்கீங்க?" எண்டு கேட்டார். பிளேன்டீக்கு சீனி எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு.

மார்ச் 20
அந்த மூண்டு நிமிசம்தான் பெரிய பாடு. எங்கட செபம் எல்லாம் வாயாலதானே. செபமாலைக்கு 53 அருள்நிறை மரியே, சிலுவைப்பாதைக்கு 14 நிலை, இடையில மூச்சு விடத்தான் நேரம். சும்மா இருந்தா பாட்டுப் போட்டு பாண் விக்கிற சூன் பாண் ஆட்டோ வருது, அது போனா மனசில தங்கச்சி வாறா. மன்னார் காணிப் பிரச்சினையில தைப்பொங்கலுக்குப் பிறகு கதையே இல்ல. அவக்கு அனுப்ப எண்டு நோட்ஸ்ல எழுதி வச்சிருக்கன், நம்பர் போட்டு 11 பாயிண்ட். ஒவ்வொரு நாளும் செபத்தில அதைத்தான் எடிட் பண்ணிக்கொண்டிருக்கிறன் போல.

ஏப்ரல் 6, ஞாயிறு
இண்டைக்கு யோவான் 8, கல்லெறியக் கொண்டுவந்த பொம்பிளைட கதை. ஆப்ல ஒரே பகுதிய மூண்டு தரம் வாசிக்கினம், எந்தச் சொல் பிடிக்குதோ அதில நில்லுங்கோ எண்டு. எனக்கு கல்லுப் பிடிக்கேல்ல, இயேசு குனிஞ்சு நிலத்தில எழுதினது பிடிச்சுது. என்ன எழுதினார் எண்டு யோவான் சொல்லேல்ல. நான் என்ன எழுதினனான் எண்டு எனக்குத் தெரியும்.

நோட்ஸைத் திறந்து நாலாவதை அழிச்சன், அது பொய். மிச்சம் எல்லாம் உண்மை, அப்பிடியே கிடக்கட்டும்.

ஏப்ரல் 14
புதுவருசம் பெரிய வாரத்துக்குள்ள வந்து விழுந்திருக்கு. விடிய வெடிச் சத்தம், பக்கத்து வீட்டு நோனா பால்சோறும் கொக்கிஸ் பலகாரமும் கொண்டந்து தந்தா. நேற்று குருத்தோலை ஞாயிறு, வீட்ட ஆக்கள், ஆப்பைத் திறக்கவே இல்ல, அவ்வளவு நாள் சேத்த கணக்கு சைபர் ஆயிட்டுது. தவக்காலம் 46 நாளில ஞாயிறு ஆறையும் கழிச்சாத்தானே 40, அப்ப ஞாயிறு விட்டது பிழையில்ல எண்டு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
மூண்டு நிமிசத்துக்குள்ள வாய் தானா இயேசுட பாடுகளைச் சொல்லுற வியாகுலப் பிரசங்கத்தை முணுமுணுக்குது. சாங்கோபாங்க சுவாமி எழுதினது, கோவாக்காரர், 1742ல இங்கயே செத்தவர், ஆனா தமிழ் எண்டா அப்பிடித் தமிழ். அம்மா இருக்கேக்க தவக்காலத்தில ராகத்தோட வாசிப்பா. நான் பக்கம் புரட்டுவன். தங்கச்சிக்குத்தான் குரல், அவ அழுகிற இடம் வரமுதலே அழத் தொடங்கிருவா, அம்மா கையால ஒரு தட்டுத் தட்டுவா.

ஏப்ரல் 21, திங்கள்
2019 உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல குண்டு வெடிச்சு இண்டையோட ஆறு வருசம். அது வெடிச்ச 8.45க்கு மேசையில கண்ணை மூடி இருந்தன், ஆப் இல்லாம. மத்தியானம் நானாதான் வந்து சொன்னார், பாப்பரசர் பிரான்சிஸ் மோசம் போயிட்டாராம் எண்டு.

பின்னேரம் டொரொண்டோல இருந்து தங்கச்சிட கோல். "அக்கா, பாப்பரசர்ட செய்தி பாத்தீங்களா?" பாத்தன் எண்டன். பிறகு ரெண்டு பேருக்கும் கதை வரேல்ல. லைன் கட் ஆயிட்டுது எண்டு நினைச்சு அவ ஹலோ, ஹலோ எண்டு கத்துறா.

"இருக்கிறன், சொல்லு."

காணியப் பத்தி ரெண்டு பேரும் கதைக்கேல்ல. நோட்ஸ்ல இன்னும் பத்து இருக்கு.