போலோ ஜிடி டிஎஸ்ஐயும் மைலேஜும்

வேகமான வண்டி வாங்கினால் மைலேஜை மறந்துவிட வேண்டும் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். என் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் இருப்பது 1.2 லிட்டர் டர்போ இன்ஜின். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால்தான் டர்போ இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும், பெட்ரோலும் கூடவே போகும். பதமாக மிதித்தால் சின்ன இன்ஜின் குடிக்கிற அளவுதான் குடிக்கும்.

நெடுஞ்சாலையில் பெரிய எதிரி காற்று. 80 கி.மீ. வேகத்திலிருந்து 110-க்குப் போனால் காற்றின் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் எனக்கு 90 போதும்.

அப்புறம், தூரத்தில் சிவப்பு சிக்னல் தெரிந்தால் தயவுசெய்து நியூட்ரலுக்குத் தள்ளாதீர்கள். கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் அது எரிந்துகொண்டே இருக்கும்.

டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்ற ஸ்டிக்கர், பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும்.