மடித்த இலைக்குள் இருக்கும் சோறு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தும் என் மாமாவுக்காக, பந்தி முடிந்தபின் சேரும் உணவுக் கழிவைப் படம் பிடித்து வகை பிரிக்கும் ஒரு சிறிய இயந்திரக் கற்றல் மாதிரியை, அதாவது படங்களைக் காட்டிப் பழக்கினால் தானே வகை பிரிக்கக் கற்கும் கணினி நிரலை, உருவாக்கி வருகிறேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் ஏறத்தாழ 29 கோடி டன் உணவு பரிமாறும் தொழிலைச் சேர்ந்ததாகவும் கூறுகிறது. மாமாவின் அண்டாக்களும் அந்தக் கணக்கில் அடங்கியவை என்பதே என்னை இந்த வேலையில் இறக்கியது.

தொடக்கத்தில் பலகாரத்தின் பெயரையே வகையாக வைத்தேன். சோறு, கூட்டு, வெண்டைக்காய் மண்டி, வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி என்று பட்டியல் நீண்டது. இவ்வளவு பெயர்களையும் அடையாளம் கண்டபின் அவற்றை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று மாமா கேட்டபோதுதான், கழிவு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே வகையைத் தீர்மானிக்க வேண்டும் என்று விளங்கியது. மாட்டுக்குக் கொடுக்கத்தக்கது, உரக்குழிக்கு உரியது, கழிவை நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் கலனுக்கு உரியது, இவை எதிலும் சேராத தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கப்பும் என நான்காகச் சுருக்கினோம். இவற்றில் முதல் வகையில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. மிஞ்சிய சோற்றை அப்படியே மாட்டுக்குக் கொட்டுவது புண்ணியம் என்று நம் ஊரில் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் சோற்றின் மாவுச்சத்து மாட்டின் வயிற்றில் விரைந்து நொதித்து, அமிலம் பெருகி, அளவு மீறினால் உயிரையே பறித்துவிடும். ஆகவே சோற்றின் பெரும்பகுதி எரிவாயுக் கலனுக்கும், காய்கறித் தோலும் நறுக்கும்போது கழித்தவையும் மாட்டுக்கும் என்று வைத்தோம்.

மாதிரியை நான் வெறுமையிலிருந்து உருவாக்கவில்லை. இமேஜ்நெட் என்னும் பெரிய படத்தொகுப்பில் முன்பே பயின்ற, படங்களை அடையாளம் காணும் ரெஸ்நெட் என்னும் செயற்கை நரம்பு வலையமைப்பை எடுத்து, அதன் கடைசி அடுக்குகளை மட்டும் எங்கள் படங்களால் மீண்டும் பயிற்றுவித்தேன். உணவுக்கென்றே 2014-இல் வெளியான ஃபுட்-101 தொகுப்பில் வகைக்கு 1,000 வீதம் 101 வகை உணவுகளின் படங்கள் இருந்தும், அதில் சமோசா உண்டே தவிர இட்லியும் தோசையும் இல்லை. ஆகவே பணியாரத்தையும் மண்டியையும் நாங்களே படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் அது சேர வேண்டிய வகையும் எழுத வேண்டியிருந்தது.

முதல் சோதனையில் முடிவு வியக்கும்படி நன்றாக வந்தது. அடுத்த கல்யாணத்திலோ அதே கற்றல் மாதிரி தடுமாறியது. காரணம் தேடியபோது, சோற்றுப் படங்களில் பெரும்பாலானவை ஒரே வீட்டின் இரண்டாங்கட்டில், சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. மாதிரி சோற்றைக் கற்கவில்லை, தரையைக் கற்றிருந்தது. பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே கல்யாணத்தின் படங்களைப் பிரித்துக் கொடுத்ததால் அந்தப் பிழை எனக்குத் தெரியாமல் போனது. இப்போது ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுவதையும் பயிற்சியிலிருந்து விலக்கி, அவற்றைச் சோதனைக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். இத்துறையில் புதிதாக இறங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அதைவிடப் பெரிய பிழையைக் கண்டுபிடித்தவர் இலை எடுக்க வரும் அக்கா. சாப்பிட்டு முடித்தவர்கள் இலையின் மேல்பாதியைத் தம் பக்கமாக மடித்துவிட்டு எழுவது நம் வழக்கம். கழிவுத் தொட்டியின் மேலே பொருத்திய கேமராவுக்கு அடுக்கடுக்காக வாழை இலை மட்டுமே தெரிந்தது. உரக்குழிக்கு உரியது என்று மாதிரி எழுதிக்கொண்டே போனது. "மடிச்ச இலைக்குள்ள என்ன கெடக்குன்னு பிரிச்சாத்தானே தம்பி நமக்கே தெரியும்" என்று சொல்லி, அக்கா ஓர் இலையை எடுத்து விரித்தார். ஒரு கைப்பிடி சோறு, தொடாத கூட்டு, ஓரத்தில் விரல் படாத பச்சடி, பாதி கடித்த பணியாரம். நான் அதுவரை சேர்த்திருந்த கணக்கு முழுவதும் பொய்யென்று அந்த ஓர் இலை காட்டியது.

அதன்பின் இலையை விரித்து, அதில் இருப்பதை ஓர் அகன்ற தட்டில் வழித்துவிட்டு, இலையைத் தனியே போடும்படி முறையை மாற்றினோம். தட்டுக்குக் கீழே ஒரு மின்தராசு, மேலே கேமரா. லண்டனைச் சேர்ந்த வின்னோ நிறுவனம் 2019-இல் ஓட்டல் சமையலறைகளுக்கென்று கொண்டுவந்த கருவியும் கேமராவையும் தராசையும் இப்படித்தான் இணைக்கிறது. படம் வகையைச் சொல்கிறது, எடை அளவைச் சொல்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை. சாம்பாரும் ரசமும் மோரும் பிசைந்த சோற்றை மட்டும் எவராலும் பிரிக்க இயலாது என்பதால், அதற்குக் கலந்த சோறு என்று ஒரே பெயர் வைத்து விட்டுவிட்டேன்.

இப்படிச் சேர்த்த கணக்கை எழுதிய தாளைப் பார்த்துவிட்டு மாமா நெடுநேரம் பேசவில்லை. ஆள் அமர்வதற்கு முன்பே இலையில் வைத்துவிடும் கூட்டும் பச்சடியும்தான் அதிகம் மிஞ்சுகின்றன; ஆள் அமர்ந்தபின் கேட்டுப் பரிமாறும் பொரியல் அந்த அளவுக்கு மிஞ்சுவதில்லை. இலையை நிறைத்து வைப்பதே மரியாதை என்று முப்பது ஆண்டுகளாகப் பரிமாறியவருக்கு இதை ஏற்பது எளிதன்று. வரும் ஆவணியில் தேவகோட்டையில் நடக்கும் கல்யாணத்தில், உப்பும் இனிப்பும் மட்டும் முன்கூட்டி வைத்து, கூட்டையும் பச்சடியையும் ஆள் அமர்ந்தபின் கேட்டு வைக்கலாம் என்று பெண் வீட்டாரிடம் பேசியிருக்கிறார். தராசையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.