கிளாக்கன்ஸ் குடைகள்: மணல் நிழல் நாலாவது கேன்வாஸில்தான் நின்றது

ஒரு கடற்கரை ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தேன். முதல் இரண்டிலும் நிழல் சேறாகிவிட்டது. மூன்றாவதில் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருந்தது. நாலாவது தேறியது.

அசல், அமெரிக்க ஓவியர் வில்லியம் கிளாக்கன்ஸ் 1915 வாக்கில் லாங் ஐலண்டின் புளூ பாயிண்டில் வரைந்த கடற்கரைக் குடைகள், இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது. நான் எடுத்தது அதில் ஒரு மூலை மட்டும், 12×16 அங்குலம். 1905இல் பிரெஞ்சு ஓவியர் மானே சாயலில் இருட்டாக உணவகம் வரைந்த ஆள், சில வருஷத்திலேயே இன்னொரு பிரெஞ்சுக்காரரான ரெனுவார் பக்கம் சாய்ந்துவிட்டார். 1912இல் பள்ளித் தோழரும் ஓவியச் சேகரிப்பாளருமான பார்ன்ஸ் கொடுத்த 20,000 டாலரோடு பாரிஸ் போய்ப் படம் வாங்கி வந்தவரும் இவரே. ரெனுவாரைக் காப்பியடிக்கிறார் என்ற ஏச்சு கடைசிவரை ஓயவில்லை. நகலெடுக்கிறவருக்கு அதுவே வசதி: இறகு மாதிரி நீளும் வீச்சையும் நிறமுள்ள நிழலையும் ஒரே படத்தில் பழகலாம்.

மணலுக்கு டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர், துளி கேட்மியம் ஆரஞ்சு. நிழலுக்கு அல்ட்ராமரின், குயினாக்ரிடோன் ரோஸ், வெள்ளை கலந்த ஊதா. காயாத மணல் பூச்சின்மேல் ஊதாவை இழுத்தால் எதிர் நிறங்கள் கலந்து, பிரஷ் இரண்டாம் முறை போகும்போதே சாம்பல். ஐந்து நாள் காயவிட்டு இழுத்தால் விளிம்பு கத்தி மாதிரி நிற்கிறது. சரிவந்த வழி: நிழலின் இடத்தை வெறுமனே விட்டு, ஊதாவை முதலில் வைத்து, மணலை அதன் ஓரம்வரை கொண்டுவருவது. நடுவில் மயிரிழை அளவுக்குக் கேன்வாஸின் வெள்ளை தெரியட்டும். சில இடத்தில் மட்டும் ஒரே வீச்சில் தொடவிட்டு, உடனே பிரஷைத் துடைக்க வேண்டும். ஊதா எவ்வளவு அடர்த்தி என்பதிலும் ஏமாறுவோம். போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால், பத்துப் படி சாம்பல் அளவில் நிழல் மணலைவிட இரண்டு படிதான் இருட்டாக இருக்கணும்.

ஹாக் பிரிசில் (பன்றி மயிர் பிரஷ்) கீழ்ப்பூச்சை உழுதுவிடுகிறது. ஆறாம் நம்பர் மென்மையான சிந்தெடிக் ஃபில்பர்ட் (நுனி வளைந்த தட்டை பிரஷ்) போதும். வண்ணத்தை இளக்க டர்பன்டைன் இரண்டு பங்கு, லின்சீட் எண்ணெய் ஒரு பங்கு.

கடையில் வாங்கும் ரெடிமேட் கேன்வாஸ் எண்ணெயைக் குடித்துவிடுகிறது. மேலே இரண்டு கோட் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு), பிறகு 220 நம்பர் உப்புத்தாள். கடலின் பச்சைக்கு வாங்கும் 'விரிடியன் ஹியூ' ட்யூபில் இருப்பது பெரும்பாலும் தாலோ பச்சை; ட்யூபில் நிறமிக் குறியீடு பிஜி 7 என்று போட்டிருந்தால் கடுகளவு எடுங்கள், இல்லாவிட்டால் கடல் முழுக்க அதுதான். அசல் விரிடியன் பிஜி 18.

கடல் இன்னும் தொடவில்லை. அதற்குள் இன்னொரு அமெரிக்க ஓவியர் பிரெண்டர்காஸ்ட் 1900 வாக்கில் வாட்டர்கலரில் போட்ட சென்ட்ரல் பார்க் கூட்டத்துக்கு 300 ஜிஎஸ்எம் காகிதம் வெட்டி வைத்தாயிற்று.